விண்கலம் புறப்படும் நேரம்: கவுண்ட்டவுனைக் குடும்பத்தோடு பின்தொடர ஒரு வழிகாட்டி

2025 ஜூன் 25, புதன்கிழமை பகல் 12.01 மணி. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள கென்னடி விண்வெளி மையத்திலிருந்து ஃபால்கன் 9 ராக்கெட் நான்கு பேரைச் சுமந்து புறப்பட்டது. நால்வரில் ஒருவர் லக்னோவைச் சேர்ந்த இந்திய விமானப்படை அதிகாரி சுபான்ஷு சுக்லா. 1984 ஏப்ரல் 3 அன்று ராகேஷ் சர்மா சோவியத் விண்கலத்தில் சென்ற பிறகு, 41 ஆண்டுகள் கழித்து ஓர் இந்தியர் விண்வெளிக்குப் போனார். கோவையில் அப்போது ளுஹர் நேரம் நுழைய இருபது நிமிடங்களுக்கு மேல் இருந்தது. சரவணம்பட்டியின் ஐடி அலுவலகங்களில் பலர் கைப்பேசியில் பார்த்தார்கள்; வீடுகளில் தாய்மார்கள் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

ஆனால் அந்த 12.01 மணிக்கு முன்பு ஒரு மாதக் கதை இருக்கிறது. மே 29 என்றார்கள், ஜூன் 8 என்றார்கள், பிறகு 10, 11, 19, 22. ஒவ்வொரு முறையும் "இன்றைக்கும் இல்லையா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். பெரியவர்கள் சிலர் கேலியும் செய்தார்கள். ககன்யான் திட்டத்தில் நம் நாட்டு ராக்கெட்டிலேயே நம்மவர்கள் ஏறப்போகும் நாள் வரும்போது, இன்ஷா அல்லாஹ், இதே காத்திருப்பு இன்னும் அருகில் நடக்கும். அதற்குள் கவுண்ட்டவுன் என்றால் என்ன, அது ஏன் நிற்கிறது, எதைப் பார்க்க வேண்டும் என்பதை ஓரளவு தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

எண்ணிக்கை எங்கிருந்து வந்தது

பத்து, ஒன்பது, எட்டு என்று தலைகீழாக எண்ணும் வழக்கத்தை விண்வெளி வீரர்கள் தொடங்கவில்லை. 1929இல் ஜெர்மானிய இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் நிலவுப் பயணத்தைப் பற்றி எடுத்த ஒரு மௌனப் படத்தில்தான் ராக்கெட் கிளம்பும் முன் இப்படி எண்ணும் காட்சி வந்தது. பார்ப்பவருக்குப் பரபரப்பு ஏற்படுத்தச் செய்த ஒரு தந்திரம், பின்னாளில் உண்மையான ராக்கெட் பொறியாளர்களின் கருவியாகிவிட்டது. காரணம் எளிது. ஆயிரக்கணக்கான வேலைகளை நூற்றுக்கணக்கானவர்கள் வெவ்வேறு அறைகளில் செய்யும்போது, எல்லோருக்கும் பொதுவான ஒரே கடிகாரம் வேண்டும். "புறப்பாட்டுக்கு 35 நிமிடம் முன்பு" என்று சொன்னால், புறப்பாடு எத்தனை மணிக்கு மாறினாலும் அந்த வேலையின் வரிசை மாறாது.

ஒளிபரப்பில் இரண்டு சொற்கள் காதில் விழும்: "எல் மைனஸ்", "டி மைனஸ்". முன்னது உண்மையான நேரம். இன்னும் எத்தனை மணி நேரத்தில் ராக்கெட் கிளம்பும் என்பது. பின்னது வேலைப் பட்டியலின் கடிகாரம். அந்த இரண்டாவது கடிகாரத்தை நிறுத்தலாம். அப்படி நிறுத்துவதற்குப் பெயர் "ஹோல்ட்". நிறுத்தியவர்கள் அன்றைய முயற்சியையே கைவிட்டால் அது "ஸ்க்ரப்". டி மைனஸ் நான்கு நிமிடம் என்று திரையில் உறைந்து நிற்பதைப் பார்த்து, இணையம் மாட்டிக்கொண்டது என்று நினைத்து ரவுட்டரை அணைத்துப் போடும் வீடுகள் உண்டு. இணையம் சரியாகத்தான் இருக்கும், நின்றது கடிகாரம்.

நம் ஊர் அளவுக்கு வந்தால், ஸ்ரீஹரிகோட்டாவில் எல்விஎம்3 ராக்கெட்டுக்குக் கவுண்ட்டவுன் ஒரு நாளைக்கும் மேல் ஓடும். சந்திரயான் 3 கிளம்பியது 2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.35 மணிக்கு. கவுண்ட்டவுன் தொடங்கியது முந்தைய நாள் பகல் 1.05க்கு, மொத்தம் இருபத்தைந்தரை மணி நேரம். ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் பார்க்க வசதியாக அமைந்த ஏவுதல் அது. அன்று ஒலித்த கவுண்ட்டவுன் குரல் வளர்மதி என்ற தமிழ்ப் பெண்மணியுடையது. பல ஆண்டுகள் ஸ்ரீஹரிகோட்டாவில் எண்ணிய அந்தக் குரலுக்குரியவர் 2023 செப்டம்பரில் மறைந்தார்.

ஒரு மாதம் தள்ளிப்போனது ஏன்

ஆக்ஸியம் 4 என்ற அந்தப் பயணத்தின் தாமதத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். கவுண்ட்டவுன் என்பதன் உண்மையான பொருள் அதில்தான் இருக்கிறது.

சில தாமதங்கள் சாதாரணமானவை. ராக்கெட் பறக்கும் பாதையில் காற்று சரியில்லை என்பது போன்றவை. ஜூன் 11க்கு முன்பு நடந்தது வேறு. ராக்கெட்டைத் தளத்தில் கட்டி வைத்து இயந்திரங்களைச் சில நொடிகள் எரியவிட்டுச் சோதித்தார்கள். அதன் பிறகு பரிசோதித்தபோது திரவ ஆக்சிஜன் கசிவது தெரிந்தது. அப்போது இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் தம் குழுவோடு புளோரிடாவில் இருந்தார். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மனிதர். கிரையோஜெனிக் இயந்திரங்களிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். திரவ ஆக்சிஜனின் குணத்தை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கசிவை ஓரளவு சமாளித்துப் பறந்துவிடலாம் என்ற யோசனைக்கு இந்தியக் குழு உடன்படவில்லை என்றும், முழுமையாகச் சரிசெய்து மீண்டும் சோதிக்க வேண்டும் என்று வற்புறுத்தியதாகவும், ஆக்சிஜன் செல்லும் குழாயில் விரிசல் இருந்ததாகவும் அவரே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார்.

அது சரியானதும் இன்னொன்று வந்தது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியான ஸ்வெஸ்டாவில் நெடுநாளாக இருந்த காற்றுக் கசிவு தொடர்பாகப் புதிய அழுத்த மாற்றம் தெரிந்தது. அது என்னவென்று புரிந்துகொள்ளாமல் புதிதாக நான்கு பேரை அங்கே அனுப்ப நாசா விரும்பவில்லை. மீண்டும் காத்திருப்பு. மே கடைசி வாரத்திலிருந்தே நான்கு பேரும் தொற்று ஏதும் வராமலிருக்கத் தனிமையில் வைக்கப்பட்டிருந்தார்கள். குடும்பத்தைத் தொட்டுப் பேசக்கூட முடியாத அந்த வாழ்க்கை ஏறக்குறைய ஒரு மாதம் நீண்டது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சலிப்பு. உள்ளே இருப்பவருக்கு அது அமானிதம். நான்கு குடும்பங்கள் நம்பி ஒப்படைத்த நான்கு உயிர்கள் அந்தக் குழாய்க்கு மேலே உட்காரப் போகின்றன. ஒட்டகத்தைக் கட்டிய பிறகுதான் தவக்குல் என்று மிம்பரில் நாம் சொல்கிறோமே, அதைச் செய்து காட்ட ஒரு மாதம் ஆனது, அவ்வளவுதான்.

கலாம் தாண்டிச் சென்ற எச்சரிக்கை

இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. அதை நமக்குச் சொன்னவர் இராமேசுவரத்துப் பிள்ளை, டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம்.

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்எல்வி 3, இந்தியா சொந்தமாகச் செய்த முதல் செயற்கைக்கோள் ஏவுவாகனம். 23 மீட்டர் உயரம், 17 டன் எடை. கலாம் அதன் திட்ட இயக்குநர். கவுண்ட்டவுன் கடைசி நிமிடங்களுக்கு வந்தபோது கணினி "ஏவாதே" என்று நிறுத்தியது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் கோளாறு. பக்கத்திலிருந்த நிபுணர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, கசிவு இருந்தாலும் கையிருப்பு போதும், போகலாம் என்றார்கள். கலாம் கணினியைத் தாண்டி ஏவ உத்தரவிட்டார். காலை 7.58க்கு ராக்கெட் எழுந்தது. முதல் அடுக்கு அழகாக வேலை செய்தது. இரண்டாவது அடுக்கு கட்டுப்பாட்டை இழந்தது. கிளம்பிய 317 நொடிகளில் எல்லாம் முடிந்து வங்காள விரிகுடாவில் விழுந்தது.

அன்று பத்திரிகையாளர் கூட்டத்துக்குத் தலைவர் சதீஷ் தவான் தாமே போனார். பொறுப்பு தம்முடையது என்றார். அடுத்த ஆண்டு 1980 ஜூலை 18 அன்று அதே ராக்கெட் வெற்றி பெற்றபோது, இப்போது நீங்கள் போய்ப் பேசுங்கள் என்று கலாமை அனுப்பினார். இந்த இரண்டாம் பகுதியைத்தான் மேடைகளில் எல்லோரும் சொல்கிறார்கள். தலைமைப் பண்புக்கு நல்ல எடுத்துக்காட்டு, மறுப்பதற்கில்லை. நம் பிள்ளைகளுக்கு முதல் பகுதியையும் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. கணினி சொன்னது சரியாக இருந்தது. அதைக் கலாம் ஒளிக்காமல், நாட்டின் குடியரசுத் தலைவரான பிறகும் மாணவர் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எஸ்எல்வியில் மனிதர் யாரும் இல்லை. மனிதர் இருந்த இடத்தில் எச்சரிக்கையைத் தாண்டிப் போனதற்கு 1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் விலை கொடுத்தது. பலமுறை தள்ளிப்போன ஏவுதல் அது. முந்தைய இரவு, குளிர் அதிகம், பக்கவாட்டு ராக்கெட்டுகளின் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும், ஏவ வேண்டாம் என்று அவற்றைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்களே சொன்னார்கள். அவர்கள் பேச்சு எடுபடவில்லை. 73 நொடிகளில் ஏழு பேர் போனார்கள். அதில் ஒருவர் பள்ளி ஆசிரியை. அவருக்காகவே அமெரிக்காவெங்கும் வகுப்பறைகளில் பிள்ளைகள் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏறிய பிறகு என்ன நடக்கிறது

டிராகன் விண்கலத்தை வைத்துச் சொல்கிறேன். நேரலையில் எளிதாகப் பார்க்கக் கிடைப்பது அதுதான். வீரர்கள் புறப்பாட்டுக்குச் சுமார் இரண்டரை மணி நேரம் முன்பே இருக்கையில் அமர்ந்து கட்டப்படுகிறார்கள். உடையில் காற்றுக் கசிகிறதா என்று பார்க்கிறார்கள், கதவை மூடுகிறார்கள், கதவிலும் கசிவு பார்க்கிறார்கள். இந்த மணி நேரங்களில் திரையில் அதிகம் எதுவும் நடக்காது. சிறு பிள்ளைகளை இப்போதே உட்கார வைக்காதீர்கள்.

45 நிமிடம் இருக்கும்போது இயக்குநர் ஒவ்வொரு பிரிவினரிடமும் கேட்டு எரிபொருள் நிரப்ப அனுமதி தருகிறார். வீரர்கள் நடந்து வந்த பாலம் விலகுகிறது. 38ஆவது நிமிடத்தில் தப்பிக்கும் அமைப்பு தயார் நிலைக்கு வருகிறது. அதற்குப் பிறகே, 35ஆவது நிமிடத்தில், எரிபொருளும் திரவ ஆக்சிஜனும் ஏற்றத் தொடங்குகிறார்கள். இந்த வரிசையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆபத்து தொடங்கும் முன்பே தப்பிக்கும் வழி திறந்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் தர்க்கம். கீழே ஏதாவது வெடித்தால், டிராகன் தன் சிறு இயந்திரங்களை எரித்துக்கொண்டு ராக்கெட்டை விட்டுத் தாவி ஓடி, பாராசூட்டில் கடலில் இறங்கும்.

கடைசி நிமிடத்தில் ராக்கெட்டின் கணினி பொறுப்பெடுக்கிறது. மூன்று நொடி இருக்கையில் இயந்திரங்கள் பற்றுகின்றன. எழுந்த ஒரு நிமிடத்தில் காற்றின் அழுத்தம் உச்சத்துக்கு வருகிறது. "மேக்ஸ் கியூ" என்று அறிவிப்பாளர் சொல்வது இதைத்தான். இரண்டரை நிமிடத்தில் முதல் அடுக்கு பிரிந்து தரைக்குத் திரும்புகிறது. ஒன்பதாவது நிமிடத்தை ஒட்டிச் சுற்றுப்பாதை. சுமார் பன்னிரண்டாவது நிமிடத்தில் டிராகன் தனியே பிரிகிறது. அதோடு எழுந்துவிடுகிறார்கள் பலர். நிலையத்தைச் சென்று சேர்வது பிறகுதான்; ஆக்ஸியம் 4 அதற்குச் சரியாக 28 மணி நேரம் எடுத்து மறுநாள் மாலை 4.01க்கு இணைந்தது. ஜூலை 15 பிற்பகல் 3.01க்குக் கலிஃபோர்னியாக் கடலில் இறங்கியது.

இந்த வகை ராக்கெட்டில் மிகக் குளிரூட்டிய ஆக்சிஜன் நிரப்பப்படுவதால், நிரப்பிய பின் நின்று யோசிக்க நேரமில்லை. கடைசி நிமிடங்களில் கடிகாரம் நின்றால் அன்றைக்கு முடிந்தது என்றே எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு காரணமும் இருக்கிறது. நிலையத்தின் பாதை ஏவுதளத்துக்கு நேராக வரும் அந்த நொடியில்தான் கிளம்ப வேண்டும். அந்த நேரம் நாள்தோறும் இருபது, இருபத்தைந்து நிமிடம் முன்னால் நகரும். பிறை நாளுக்கு நாள் தாமதமாக மறைவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல, திசைதான் எதிர். மேலே சொன்ன தேதிகளில் சோதித்துப் பாருங்கள்: ஜூன் 10க்குக் குறித்தது மாலை 5.52, ஜூன் 11க்கு 5.30, பிறகு ஜூன் 25க்குப் பகல் 12.01. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நல்ல கணக்கு.

இதனால் தொழுகை நேரமும் கணக்கில் வருகிறது. ஜூன் 8க்கு முதலில் குறித்திருந்த நேரம் மாலை 6.41. பெருநாளுக்கு மறுநாள், கோவையில் மஃரிப் பாங்குக்குச் சில நிமிடங்களே முன்பு. அன்று ஏவியிருந்தால் பாதி வீடுகளில் தொழுகை பிந்தியிருக்கும். பதிவு எங்கும் போய்விடாது. தொழுதுவிட்டு வந்து பார்த்தாலும் அதே ராக்கெட்தான்.

அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்தோடு கோடைக்காலத்தில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் கூட்டினால் நம் நேரம். மாஸ்கோ நேரத்தோடு இரண்டரை மணி. தேதி மாறுகிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். "நாளை" என்று செய்தியில் வந்தது யாருடைய நாளை என்பதில்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

கவுண்ட்டவுனில் அமர்ந்த முஸ்லிம்கள்

1985 ஜூன் 17, ரமளானின் கடைசி நாட்கள். சவூதி இளவரசர் சுல்தான் பின் சல்மான் டிஸ்கவரி விண்ணோடத்தில் சென்றார். விண்வெளிக்குப் போன முதல் அரபியர், முதல் முஸ்லிம். 1987இல் சிரியாவின் முஹம்மது ஃபாரிஸ், 1988இல் ஆப்கானிஸ்தானின் அப்துல் அஹத் முஹ்மந்த், இருவரும் சோயுஸ் கலங்களில் போனார்கள்.

ஃபிக்ஹு கேள்விகளை முறையாக எடுத்து வைத்தது மலேசியா. 2007 அக்டோபர் 10 அன்று, அதுவும் ரமளானில்தான், மலேசிய மருத்துவர் ஷேக் முஸாஃபர் ஷுகூர் பைகோனூரிலிருந்து கிளம்பினார். தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் நிலையத்தில் ஒரு நாளைக்குப் பதினாறு முறை சூரியன் உதிக்கும். அப்படியானால் எண்பது வக்த்தா? மலேசிய உலமாக்கள் கூடி வழிகாட்டி வெளியிட்டார்கள். இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஐந்து வேளைதான்; நேரத்தைக் கிளம்பிய ஊரின்படி கணக்கிட வேண்டும். கிப்லா இயன்றவரை: முதலில் கஅபா, முடியாவிட்டால் கஅபாவின் நேர் மேல்திசை, அதுவும் முடியாவிட்டால் பூமி, அதுவும் இல்லையேல் எந்தத் திசையானாலும். நோன்பை ஊர் திரும்பிப் பிடிக்கலாம். பயணிக்கும் நோயாளிக்கும் மார்க்கம் ஏற்கெனவே தந்த சலுகைகளிலிருந்தே இவற்றை எடுத்தார்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. மதரஸாவில் ஸஃபர் பாடத்தை ஓதிய எவருக்கும் அந்த வழிகாட்டியின் ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

ஷேக் முஸாஃபரோடு அதே சோயுஸில் அமர்ந்திருந்தவர் அமெரிக்காவின் பெக்கி விட்சன் அம்மையார். 2023 மே மாதம் முதல் சவூதிப் பெண் ரயானா பர்னாவியும் அலீ அல்கர்னியும் சென்ற ஆக்ஸியம் 2 பயணத்தின் தலைவரும் அவர்தான். சுபான்ஷு சுக்லா சென்ற ஆக்ஸியம் 4இன் தலைவரும் அவரே. மலேசியர், சவூதியர், இந்தியர் என்று நம் பக்கத்து மக்களோடு இத்தனை முறை கவுண்ட்டவுனில் காத்திருந்த அமெரிக்கர் வேறு யாருமில்லை என்று நினைக்கிறேன்.

ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து இருவர். 2019 செப்டம்பர் 25 அன்று ஹஸ்ஸா அல் மன்சூரி. அவர் சில மாதங்கள் முன்பே போயிருக்க வேண்டியவர். 2018 அக்டோபரில் ஒரு சோயுஸ் கிளம்பிய இரண்டு நிமிடத்தில் கோளாறாகி, தப்பிக்கும் அமைப்பு இரண்டு வீரர்களையும் காப்பாற்றித் தரையிறக்கியது; அதனால் வரிசை முழுவதும் மாறியது. இரண்டாமவர் சுல்தான் அல் நியாதி. 2023 பிப்ரவரி 27 அன்று அவர் டிராகனில் கட்டப்பட்டுக் கிடந்தபோது மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருக்கையில் நிறுத்தினார்கள். இயந்திரத்தைப் பற்றவைக்கும் திரவம் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று உறுதியாகத் தெரியவில்லை. தரையிலிருந்த வடிகட்டி ஒன்று அடைத்திருந்தது பிறகு தெரிந்தது. மார்ச் 2 அன்று கிளம்பினார். ரமளானை நிலையத்தில் கழித்தார். வளைகுடாவில் வேலை செய்யும் நம் குடும்பத்தார் பலர் அந்த ஏவுதலை நமக்கு முன்பே விவரமாகப் பார்த்தவர்கள். வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

பார்க்கும்போது சில கவனங்கள்

நேரலையை நாசா, ஸ்பேஸ்எக்ஸ், இஸ்ரோ ஆகியவற்றின் சொந்தத் தளங்களிலும் சேனல்களிலும் மட்டும் பாருங்கள். பெரிய ஏவுதல் நாட்களில் பழைய காட்சியை "லைவ்" என்று ஓட்டி, மூலையில் ஒரு கியூஆர் குறியீட்டை வைத்து, கிரிப்டோ பணம் அனுப்பினால் இரட்டிப்பாகத் தருகிறோம் என்று ஏமாற்றும் போலிச் சேனல்கள் யூடியூபில் முளைக்கும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் இணைப்பைத் திறக்கும் முன் சேனலின் பெயரைப் படியுங்கள்.

பிள்ளைகளோடு பார்க்கும் பெற்றோருக்கு ஒன்று. நேரலை என்றால் எதுவும் நடக்கலாம். கல்பனா சாவ்லா சென்ற கொலம்பியா 2003 ஜனவரி 16 அன்று எந்தக் குறையும் இல்லாமல் கிளம்பியது போலத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. கிளம்பிய 82ஆவது நொடியில் இறக்கையில் பட்ட நுரைத் துண்டின் விளைவு பிப்ரவரி 1 அன்று, ஊர் திரும்பும்போது தெரிந்தது. சிறு பிள்ளை பக்கத்தில் இருந்தால், இதில் ஆபத்து உண்டு, அவர்கள் அதை அறிந்துதான் போகிறார்கள், நாம் அவர்களுக்காக துஆ செய்வோம் என்று முன்பே சொல்லி வையுங்கள். எங்கள் மக்தபில் ஒரு சிறுமி "அவங்க அம்மா எங்கே நின்னு பார்ப்பாங்க, ஹஜ்ரத்?" என்று கேட்டாள். ராக்கெட் எத்தனை டன் என்ற கேள்வியை விட அது நல்ல கேள்வி. சுக்லாவின் பெற்றோர் அன்று லக்னோவில், அவர் படித்த பள்ளியில், மாணவர்களோடு அமர்ந்து பார்த்தார்கள்.

காட்சி முடிந்ததும் கதை முடிந்துவிடாது என்பதற்குச் சுனிதா வில்லியம்ஸ் பயணம் போதும். 2024 ஜூன் 1 அன்று 3 நிமிடம் 50 நொடி இருக்கையில் கணினி நிறுத்தியது. ஜூன் 5 அன்று கிளம்பினார். சில நாட்களில் திரும்ப வேண்டியவர், ஸ்டார்லைனர் கலத்தின் கோளாறுகளால் ஒன்பது மாதத்துக்கு மேல் தங்கி வேறு கலத்தில் திரும்பினார். அவர் கடலில் இறங்கியது நம் நேரப்படி 2025 மார்ச் 19 அதிகாலை 3.27. ரமளான் மாதம்; சஹருக்கு விழித்திருந்த எத்தனையோ வீடுகளில் அதைப் பார்த்தார்கள்.

ககன்யான் வரும்போது

2024 பிப்ரவரி 27 அன்று நால்வரின் பெயர் வெளியானது: பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். திட்டத்தின் நோக்கம் மூன்று பேரை 400 கிலோமீட்டர் உயரத்துக்கு மூன்று நாட்கள் அனுப்பித் திரும்பக் கொண்டுவருவது. அதற்கு முன் ஆளில்லாப் பயணங்கள், வியோமித்ரா என்ற பெண் வடிவ ரோபோவோடு. ராக்கெட்டின் கிரையோஜெனிக் இயந்திரம் சோதிக்கப்படுவது திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில்.

அந்தக் கவுண்ட்டவுன் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு முன்னோட்டம் 2023 அக்டோபர் 21 அன்று கிடைத்தது. தப்பிக்கும் அமைப்பைச் சோதிக்கும் டிவி டி1 என்ற ஏவுதல். காலை 8 மணி என்றது, வானிலையால் 8.30 ஆகி, 8.45 ஆனது. எண்ணிக்கை ஐந்து நொடிக்கு வந்தபோது கணினி நிறுத்தியது. ஐந்து நொடி! அன்றைய தலைவர் சோமநாத் நேரலையிலேயே வந்து, இயந்திரம் வழக்கம்போல் பற்றவில்லை, ராக்கெட் பத்திரமாக இருக்கிறது, என்னவென்று பார்க்கிறோம் என்றார். கண்டுபிடித்துச் சரிசெய்து பத்து மணிக்கு ஏவினார்கள். சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் கலம் பிரிந்து பாராசூட்டில் வங்கக் கடலில் இறங்க, கடற்படை எடுத்து வந்தது. 1979இல் கணினியைத் தாண்டிப் போன அதே தீவில்தான் இதுவும் நடந்தது.

நேரில் பார்க்க விரும்பும் குடும்பங்களுக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்களுக்கான பார்வையாளர் மாடம் இருக்கிறது. சுமார் ஐயாயிரம் பேர் அமரலாம். ஏவுதலுக்குச் சில நாட்கள் முன்பு இஸ்ரோ இணையதளத்தில் பதிவு திறக்கும், விரைவில் நிரம்பிவிடும். கோவையிலிருந்து சென்னை போய், அங்கிருந்து கூடூர் வழித்தட ரயிலில் சூலூர்ப்பேட்டையில் இறங்க வேண்டும். தள்ளிப்போகும் என்று எண்ணியே விடுப்பும் திரும்பும் டிக்கெட்டும் போடுங்கள். 2019இல் சந்திரயான் 2க்காகப் போனவர்கள் நள்ளிரவுக்கு மேல் விழித்திருந்து, 56 நிமிடம் 24 நொடியில் கடிகாரம் நின்றதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஒரு வாரம் கழித்தே அது கிளம்பியது.

சூலூர்ப்பேட்டை வரை போக முடியாதவர்கள் வீட்டு மாடியிலிருந்தே வீரர்கள் இருக்கும் இடத்தைப் பார்க்கலாம். சர்வதேச விண்வெளி நிலையம் கோவைக்கு மேலும் வருகிறது. நாசாவின் "ஸ்பாட் தி ஸ்டேஷன்" செயலியில் ஊரைக் குறித்தால் நாளும் நேரமும் திசையும் சொல்லும். மஃரிபுக்குப் பின்னும் பஜ்ரை ஒட்டியும்தான் தெரியும். நமக்கு இருட்டாகவும், 400 கிலோமீட்டர் மேலே அதற்கு வெயிலாகவும் இருக்கும் நேரம் அது. மின்னாமல், ஒலி இல்லாமல், வெள்ளியைப் போல் பளிச்சென்று சில நிமிடங்களில் வானைக் கடக்கும். விளக்குகள் நிறைந்த சத்தி ரோட்டிலிருந்துகூடத் தெரியும். மாலையில் பார்க்கும்போது வானத்தின் நடுவிலேயே திடீரென மங்கி மறைந்தால் மேகம் என்று நினைக்க வேண்டாம். பூமியின் நிழலுக்குள் போயிருக்கும்.